கரையில் வைத்த ஆடை

கனடாவின் வன்கூவர் நகரை அடுத்து, பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள மேட்டு நிலத்தின் கீழே ‘ரெக் பீச்’ என்னும் கடற்கரை உண்டு. விரும்புவோர் ஆடையின்றி நீராடுவது அங்கு நெடுங்கால வழக்கம். விரிவுரை மண்டபங்களை விட்டு வந்து, மரங்களினூடே 400இற்கு மேற்பட்ட படிகளில் இறங்கினால் அக்கரையை அடையலாம். தமிழ்ப் பண்பாட்டில் வளர்ந்தோருக்கு இவ்வழக்கம் வியப்பையோ நாணத்தையோ தரலாம். ஆயினும், அங்கு முதன்முறை செல்லும் மாணவனொருவன் நாணத்தை வென்றுவிட்டாலும் வேறொரு வினா அவன்முன் நிற்கும். கழற்றிய ஆடையை எங்கே வைப்பது?

ஆடையற்றவனுக்குச் சட்டைப்பை இல்லை. அறைத் திறப்பு, பணம், கைத்தொலைபேசி, மூக்குக் கண்ணாடி யாவும் மணலிலேயே கிடக்க வேண்டும். பணத்தை இழந்தவன் கடன் வாங்கலாம். ஆடையை இழந்தவனோ படியேறவும் மாட்டான். கரையில் வழக்கம் பொறுத்துக்கொள்வதை மேலேயுள்ள வீதி பொறுத்துக்கொள்ளாது. பொது இடத்தில் ஆடையின்றி இருத்தல் கனடாவின் குற்றவியற் சட்டக்கோவை 174ஆம் பிரிவின்படி குற்றமாகும். பழைய காற்சட்டை ஒன்றின் பெறுமதி அங்கேதான் விளங்கும்.

ஆகவே, பழகியவர்கள் குறைவாகவே கொண்டு செல்வர். விலையுயர்ந்தவை வீட்டிலேயே தங்கிவிடும். திறப்பையும் சிறிது பணத்தையும் நீர் புகாத சிறு பையிலிட்டுக் கழுத்திலே தொங்கவிடுவர். மாற்றுடை ஒன்றை வேறொரு பையில் வைப்பாரும் உளர். துவாயால் மூடிய பொருள் கள்வன் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று நம்புவது பேதைமை. அவனும் அவ்விடத்தையே முதலிற் பார்ப்பான்.

கள்வன் மனிதனாகவே இருக்க வேண்டுமென்பதுமில்லை. வற்றின்போது அகன்று கிடக்கும் மணற்பரப்பைப் பெருக்கின்போது கடல் மீண்டும் எடுத்துக்கொள்ளும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரக்குற்றிகளுக்கு மேற்புறமாக, ஈரத்தின் எல்லையைக் கண்டு, அதற்கு அப்பால் பையை வைப்பவனே அறிவுடையோன்.

இத்தனை செய்த பின்னரும் எஞ்சுவது ஒன்றுண்டு. கடலில் இறங்குமுன் அம்மாணவன் பக்கத்தில் இருப்பவரிடம், “சற்றுப் பார்த்துக்கொள்வீர்களா?” என்று கேட்கிறான். அவர் தலையசைக்கிறார். பெயர் தெரியாது, தொழில் தெரியாது, அவற்றை உணர்த்தக்கூடிய உடையும் அவர்மீதில்லை. அவரை நம்புவதற்கு அவர் முகத்தைத் தவிர வேறு சான்றில்லை.

நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையையே நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அந்தக் கை ஆடைக்குரியவனது கை. இக்கரையிலோ ஆடையைத் தானே களைந்துவிட்டு அவன் நீந்துகிறான். அதனைக் காக்கும் கை அயலானுடையது. மாலையில் இருவரும் உடுத்திக்கொண்டு தனித்தனியே படியேறுவர். மறுநாள் வீதியிற் சந்தித்தால், உடையணிந்த கோலத்தில் ஒருவரையொருவர் அறிந்துகொள்வரோ என்பது ஐயமே.