எஞ்சின் பின்னாடி நிக்குது பாஸ்!

ரயில் எஞ்சினை எங்கே தேடுவீங்க? முன்னாடிதானே! நானும் அங்கேதான் தேடினேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன்னு வெளியே சொல்லிடாதீங்க, ப்ளீஸ்!

நமக்கு ஊர் நாகர்கோவில். நாஞ்சில் நாட்டுக்கு ரயில் வந்ததே 1979-லதான், திருவனந்தபுரம் பக்கமிருந்து. திருநெல்வேலியோட இணைஞ்சது 1981-ல. அதுக்கு முன்னாடி எங்க தாத்தா, 20 வயசுல பஸ் பிடிச்சு நெல்லைக்குப் போய், ஸ்டேஷன்ல நீராவி எஞ்சினைப் பார்த்து மிரண்டு நின்னவர். இப்போ அவருக்குக் கண்பார்வை மங்கிட்டு வருது. “மக்ளே, அந்த எஞ்சினை ஒரு போட்டா பிடிச்சிட்டு வா. பெருசா இருக்கணும். இனி எத்தனை நாளைக்குக் கண்ணு தெரியும்னு யாரு கண்டா?”

இங்கிலாந்து மெயின் லைன்ல நீராவிக்கு 1968 ஆகஸ்ட் 11-ல விடை கொடுத்தாங்க. ஸ்பெஷல் ரயில், டிக்கெட் 15 கினி! அதுக்கு முந்தின வருஷங்கள்ல ஸ்கூல் பசங்ககூட கேமராவோட ஷெட் ஷெட்டா அலைஞ்சிருக்காங்க. நம்ம நாட்டு பிராட்கேஜ்ல 1995-ல முடிஞ்சுது. ஆனா, மேட்டுப்பாளையத்துல இன்னும் மூச்சு விடுது!

முதல் நாளே போய்த் தங்கி, காலையில சித்தப்பாவோட கேமராவைத் தூக்கிட்டு ரயிலோட முன்பக்கம் ஓடினேன். அங்கே கொடியோட ஒரு பிரேக்ஸ்மேன் மட்டும் நிக்கிறார். எஞ்சின் பின்னாடியிருந்து தள்ளுதாம். கல்லாறு தாண்டினா 12 அடிக்கு 1 அடி ஏற்றம். பெட்டி கழண்டா உருண்டு வராம கீழே எஞ்சின் தாங்கணுமே! தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச பட்டை. நாலு சிலிண்டர்ல ரெண்டு, அந்தப் பல்லைக் கவ்வுற சக்கரத்துக்கே. வேகம்? மணிக்கு 13 கிலோமீட்டர். சைக்கிள்ல முந்திடலாம், ஏற்றம் மட்டும் இல்லேன்னா.

ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க நின்னப்போ பின்னாடி ஓடினேன். புஸ்ஸ்ஸ்! லென்ஸ் முழுக்கப் பனி. நிஜ நீராவி கண்ணுக்கே தெரியாது. குளிர்ல பட்டுத் துளியாகிறதுதான் அந்த வெள்ளை. எக்ஸாம்ல எழுதியிருக்கேன், அங்கே மறந்துட்டேன். சட்டையால துடைச்சுத் துடைச்சு நாப்பது எடுத்ததுல தேறினது ஒண்ணு. பாதி எஞ்சின், பாதி வெள்ளை, நடுவுல எண்ணெய்க் கறையோட ஒரு கை.

பெரிய பிரின்ட்டா போட்டுக் கொடுத்தேன். தாத்தா மூக்கு இடிக்கிற தூரத்துல வச்சுப் பார்த்தார். அவர் விரலைப் பிடிச்சு பாய்லர் மேல வச்சேன். ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. அப்புறம் கேட்டார்: “சத்தம் பிடிச்சியா டே?”

பிடிக்கலையே! பாக்கெட்ல போன் சும்மாதான் கிடந்துச்சு.

மறுபடியும் போறேன். நீங்களும் கிளம்புறதா இருந்தா டிக்கெட்டை முன்னாடியே புக் பண்ணிடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில மண் சரிஞ்சா வண்டி ரத்தாகும், விசாரிச்சுட்டுப் போங்க. அப்புறம், இடம் கிடைச்சா கடைசிப் பெட்டி. எஞ்சின் அங்கேதான்!