கைகாட்டி வைத்த கார்

டவுன்ஷிப்பில் நான் குடியிருந்த காலத்தில் என் குவார்ட்டர்ஸுக்கு வழி கேட்டால் பிளாக் எண்ணை யாரும் சொன்னதில்லை. "கைகாட்டி வைத்த கார் நிற்குமே, அந்த வீடா?" என்பார்கள். அந்தக் காரைப் பற்றி எழுதச் சொல்லிப் பழைய ஷிஃப்ட் நண்பர்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள். இன்று எழுதிவிடுகிறேன்.

1983ஆம் வருடம். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பலாப்பழம் வாங்கப் போனவன், ஒரு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே இரண்டு ஹெட்லைட்டுகளைப் பார்த்தேன். விலக்கிப் பார்த்தால் மாரிஸ் எய்ட், 1936 மாடல். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. காலமான ஒரு டாக்டரின் கார். இருபது வருடமாக நகரவில்லை. இங்கிலாந்தில் இது அபூர்வ வண்டி இல்லை. போருக்கு முன்பே இரண்டு லட்சத்துக்கு மேல் விற்ற சின்னக் குடும்பக் கார்தான். ஆனால் நம் ஊர் மழைக்கும் இரும்புக் கடைத் தராசுக்கும் தப்பியது எத்தனை இருக்கும்?

டாக்டரின் மனைவிக்கு எழுபது தாண்டியிருக்கும். இரும்புக் கடைக்காரர் 900 ரூபாய் கேட்டதாகச் சொன்னார். நான் 1,500 தருவதாகச் சொன்னேன்.

"பணம் கிடக்கட்டும் தம்பி. இது ஓடுமா?"

"ஓட வச்சிடுறேம்மா."

"அப்படின்னா ஒரு தடவை என்னை இதுல வடலூருக்குக் கூட்டிட்டுப் போகணும், ஜோதி பார்க்க. சரின்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

ஆறு மாதம் போதும் என்று வாயை விட்டுவிட்டேன்.

சுரங்கத்தில் ஜெர்மன் பக்கெட் வீல் இயந்திரத்தையே பிரித்து மாட்டியவனுக்கு இந்த 918 சி.சி. எஞ்சின் எம்மாத்திரம் என்ற திமிர். முதல் ஞாயிற்றுக்கிழமையே அது அடங்கியது. நட்டின் தலைக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் பொருந்தவில்லை. விட்வொர்த் ஸ்பேனர் பொருந்தியது. இங்கிலீஷ் மரைதானே என்று விட்வொர்த் நட்டு வாங்கி வந்தால் போல்ட்டில் ஏறவில்லை. மரை மெட்ரிக்! காரணம் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாரிஸின் எஞ்சின் தொழிற்சாலை முதலில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சிலிருந்து கவென்ட்ரிக்கு வந்தது. மெஷின்கள் பிரெஞ்சு, அதனால் மரை மில்லிமீட்டரில். இங்கிலாந்து மெக்கானிக் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர், அதனால் தலை அந்த அளவில். 1923இல் மாரிஸ் அதை வாங்கிய பிறகும் இந்தக் கலப்புக் கல்யாணம் தொடர்ந்தது. அதிலும் 8 மி.மீ. போல்ட்டுக்குக் கடையில் கிடைக்கும் பிட்ச் 1.25; இதில் 1. மந்தாரக்குப்பத்து லேத் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடைந்தேன்.

பெயரிலுள்ள 'எய்ட்' குதிரைத் திறனா என்று கேட்பவர்கள் உண்டு. அது வரிக்கான எட்டு. அந்நாளில் இங்கிலாந்தில் சிலிண்டரின் விட்டத்தை மட்டும் கணக்கிட்டு வரி போட்டார்கள். ஆகவே விட்டத்தைக் குறுக்கி, பிஸ்டன் ஓடும் நீளத்தைக் கூட்டினார்கள்: 57 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஓட்டம். நிஜத்தில் இருபது குதிரைக்கு மேல் இழுக்கும்.

கனெக்டிங் ராடில் ஒயிட் மெட்டல் ஊற்றக் கோயம்புத்தூருக்கு இரண்டு நடை, சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு எத்தனை நடையோ. இரண்டு வருடம் போய்விட்டது. பலாப்பழ சீசன்தோறும் ஆள் வரும். "அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க." ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "ஒரு வாடகைக் கார் வச்சாவது அந்தம்மாவைக் கூட்டிட்டுப் போங்களேன். வாக்கு குடுத்தது ஆளுக்கா, காருக்கா?" இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கோபம் அவள் மேல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

1986இல் ஒரு மாதப் பூசத்தன்று போனோம். தைப்பூசக் கூட்டத்தில் அவரை அழைத்துப்போக எனக்குத் தைரியமில்லை. பின் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் அதைத் தாண்டிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"டாக்டர் ஒருநாளும் என்னை முன்னால உட்கார விட்டதில்ல தம்பி. நோயாளிங்க பார்த்தா மரியாதையா இருக்காதாம்."

கைகாட்டி என்றேனே, அது இண்டிகேட்டர். இரண்டு கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலிருந்து, ரயில்வே கைகாட்டி போல ஒரு சின்னக் கை நீளும். திருப்பமே இல்லாத இடத்தில்கூட அதைப் போடச் சொல்லி எட்டிப் பார்த்துச் சிரித்தார். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான நீர் தானே மேலேறும், ஆறிய நீர் கீழிறங்கும், அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் தன் சொம்புத் தண்ணீரை நீட்டி, "அவர் ஓட்டினப்பவும் இந்த இடத்துலதான் கொதிக்கும்" என்றார். உண்மையோ, என்னைத் தேற்றச் சொன்னதோ!

திரைகள் விலகி ஜோதி தெரிந்தபோது அவர் கைகூப்பியபடி வெகுநேரம் நின்றார். திரும்பும்போது இருட்டிவிட்டது. முதல் அனல்மின் நிலையம் அந்நாளில் 600 மெகாவாட் உற்பத்தி செய்துகொண்டிருந்த ஊர்க்காரன் நான், ஆறு வோல்ட் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பாதையைத் தடவிக்கொண்டு ஓட்டினேன். அவர் தூங்கிவிட்டார். வீட்டு வாசலில் எழுப்பியதும், "அதுக்குள்ளயா?" என்றார். 1,500 ரூபாயைக் கடைசிவரை வாங்கவில்லை. 1991இல் காலமானார்.

2004இல் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தேன். இந்திரா நகரில் வீடு கட்டியபோது முதலில் எழுந்தது கார் ஷெட்தான். மற்ற சீட்டுகளுக்கு உறை மாற்றிவிட்டேன். முன் இடது சீட் மட்டும் பழைய தோலோடு இருக்கிறது. ஞாயிறுதோறும் ஹேண்டில் போட்டுச் சுழற்றுகிறேன். தோள்தான் முன்போல் ஒத்துழைப்பதில்லை.

ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்து, 'வி.ஏ.' என்ற தனி எண் வரிசையும் கொடுத்திருக்கிறது. அதில் பதிந்த வண்டியை நினைத்தபோதெல்லாம் ரோட்டில் எடுக்கக் கூடாது. கண்காட்சி, பழைய கார்ப் பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்குத்தான் அனுமதி. ஜோதி பார்க்கப் போவது பட்டியலில் இல்லை. அந்த எண் வாங்கினால் வடலூருக்கு எப்படிப் போவீர்கள் என்று மனைவி கேட்கிறாள். வடலூரிலும் பெட்ரோல் பங்க் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.