மழைக்கு அப்பால்

வாடைக்காலத்துப் பின்னேரம். கல்முனைக்குடிக் கடற்கரையில் இழுத்து முடித்த கரைவலை மணலிற் கிடந்தது. ஹஜ் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்த முதியவர் கிழக்கே திரண்ட முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்தில் ஏறியறியாதவர். "இந்த மாதிரி முகிலுக்குள்ளயா பூந்து போற?" என்று, சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீடத்தில் பயிலும் மகனைக் கேட்டார்.

மகன் கற்றதைச் சொன்னான். விமானத்தின் மூக்கினுள் ஒரு தட்டு இருபுறமும் அசைந்தபடி ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் அலைகளை முன்னே வீசுகிறது. மழைத்துளியிற் பட்டுத் திரும்புவன ரேடார்த் திரையில் ஒளிர்கின்றன. தட்டின் சாய்விலேதான் எல்லாம் இருக்கிறது. ஓடுபாதையில் அதனைச் சில பாகை உயர்த்தி, ஏறப்போகும் வழியைப் பார்த்துக்கொள்வர். ஏற ஏறச் சாய்வு தாழ்த்தப்படும். 35,000 அடியில் நேரே முன்னால் நோக்குவது ஏமாற்றம் தரும்: முகிலின் உச்சியில் உள்ள உலர்ந்த பனித் துணிக்கைகள் அலையை நன்கு திருப்புவதில்லை. ஆதலின் சற்றுக் கீழ்நோக்கி, முகிலின் நனைந்த பகுதியைத் தேடவேண்டும். இறங்கும்போது, நிலத்தின் எதிரொலி திரையை மூடிவிடாதவாறு மறுபடியும் உயர்த்தவேண்டும். கடும் முகிலாயின் 20 கடல்மைல் விலகிச் செல்வது வழக்கம்.

முதியவர் பொறுமையாகக் கேட்டிருந்தார். "மழை எறங்கினா அதுக்கு அப்பால நிக்கிற தோணிட வெளக்குத் தெரியா மகன். அந்தக் கருவிக்கு மட்டும் தெரியுமோ?"

மகன் சற்றுத் திகைத்தான். தெரியாதுதான். கடுமழை அலைகளை விழுங்கிவிடும். அதன் பின்னாலுள்ள பெருமழை திரையில் வெறும் இருளாய்த் தோன்றும். அவ்விருளைத் தெளிந்த வானமென எண்ணி நுழைந்த விமானிகளும் உண்டு.

இன்னொன்றும் அவன் அறிந்திருந்தான். ஹஜ்ஜுக்குப் போகவிருக்கும் வாப்பாவிடம் அதனைச் சொல்வதா என்பதே தயக்கம். தட்டைக் கீழே சாய்த்தால் கடல் இருளாகவும் கரை ஒளியாகவும் தெரியும். விமானிகள் அதனைத் தேசப்படம்போல் வாசிப்பதுண்டு. 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றி, ஜித்தா செல்லும் வழியில் கட்டுநாயக்காவில் இறங்க வந்த மார்ட்டினெயர் டி.சி.-8 விமானம், இரவு 10 மணியளவில் மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. விமானத்தளமோ இன்னும் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் சார்ந்து தம் இடத்தைத் தவறாக அறிந்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்றும், அக்கருவிகள் தவறாக விளங்கிக்கொள்ள இடம் வைத்தன என்றும் விசாரணை கருதியது. மழையைக் காணப் பிறந்த கருவியிடம் ஊரைக் கேட்டிருந்தார்கள்.

சொல்லிவிட்டான். முதியவர் இறந்தோருக்காக மெல்ல ஓதினார்.

"இப்ப?"

"இப்ப இடத்தைச் செய்மதி சொல்லும், வாப்பா. மலை கிட்ட வந்தா எச்சரிக்கிறதுக்கு வேறு கருவி இரிக்கி. ரேடார் மழைக்கு மட்டுந்தான்."

அவர் தலையசைத்தார். கிழக்கே முகில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மகன் எழுந்து மணலைத் தட்டினான். முதியவர் காற்றை ஒருமுறை முகர்ந்து, "அதுக்குப் பின்னால இன்னொண்டு நிக்கிது. தோணிய மேல இழுக்கச் சொல்லு" என்றார்.