காலண்டரில் எழுதிய நம்பர்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. ஷிப்டுக்குள் போகுமுன் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒருநாள் இரவு வல்லக்கோட்டை வீட்டில் குழந்தைக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்தது. மனைவி பதினேழு முறை கூப்பிட்டாள்; எடுக்க ஆளில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்தார். காலையில் லாக்கரைத் திறந்தபோதுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. மறுநாள் சூப்பர்வைசர் நம்பரையும் செக்யூரிட்டி ரூம் நம்பரையும் கேட்டு வாங்கிவந்து சுவர்க் காலண்டரில் எழுதினான்.

அதனால்தான், நண்பர்களோடு குரங்கணி மலைக்கு ட்ரெக்கிங் போவதாக அவன் சொன்னதும், “ஏங்க, அங்க டவர் கிடைக்குமா?” என்று கேட்டாள்.

குரங்கணி என்ற பெயரே அவளைக் கலங்கடித்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அனுமதி வாங்கிய பாதை ஒன்று, போன பாதை வேறு என்று அப்போது சொல்லப்பட்டது.

சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் கையடக்கக் கருவி ஒன்றை யூடியூபில் பார்த்திருந்தான். விசாரித்தால், தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே இங்கே குற்றம். அது தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் கோவா, டெல்லி விமான நிலையங்களில் மாட்டியிருக்கிறார்கள்.

“மலைக்குப் போறேன்னு ஜெயிலுக்குப் போவீங்களா?” என்றாள்.

மிச்சம் இருப்பது 112. நம் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனியின் டவர் எட்டினால் அந்த அழைப்பு போகும். எந்த டவரும் இல்லையென்றால் அதுவும் இல்லை. பேச முடியாத அரைகுறை சிக்னலில் எஸ்எம்எஸ் சில நேரம் நழுவிப் போய்விடும். டவர் தேடித் தேடியே போன் சார்ஜை இழக்கும் என்பதால் ஏரோபிளேன் மோடில் போடுவது நல்லது. பையில் ஒரு விசில் இருக்கட்டும். கத்தினால் தொண்டைதான் போகும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்திலேயே பதிவு செய்தான். வழிகாட்டி கூடவே வருவார்.

கிளம்பும்போது காலண்டரில் பழைய நம்பர்களுக்குக் கீழே எழுதினான்: போகும் பாதை, வழிகாட்டியின் நம்பர், வனத்துறை நம்பர். ‘ஞாயிறு மாலை 6 மணிக்குள் நான் பேசாவிட்டால் வனத்துறைக்குச் சொல். 8 மணிக்கு 112.’

ஞாயிறு மாலை 6.10-க்கு அடிவாரத்தில் டவர் வந்ததும் கூப்பிட்டான். அவள் போன் பிஸியாக இருந்தது. வனத்துறையிடம் அவன் போன பாதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.