பாம்படம் போன வீடு

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் பாதி வீடுகளில் பூட்டுதான் தொங்கும். பிள்ளைகளுக்கு விடுமுறை. அலுவலகத்தில் எல்.டி.சி. வாங்கிக்கொண்டு தமிழர், மலையாளி, வங்காளி என்று அவரவர் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். இது திருடர்களுக்கும் தெரியும்.

2012-ல் அப்படி நாகர்கோவிலுக்குப் போய்விட்டு, நிஜாமுதீனில் வந்து இறங்கிய ஒரு குடும்பத்தை வரவேற்றது பெயர்ந்து தொங்கிய தாழ்ப்பாள். பணம் பெரிதாகப் போகவில்லை. டி.வி. இருந்த இடத்தில் இருந்தது. பீரோவின் அடித்தட்டில் பழைய ஹார்லிக்ஸ் டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருந்த பாம்படம் மட்டும் இல்லை.

அந்த வீட்டு அம்மாளின் கொள்ளுப்பாட்டி போட்டிருந்த பாம்படம் அது. தோள் வரைக்கும் தொங்கிய காது. அடுத்த தலைமுறை அந்தக் காதை நாகரிகக் குறைவு என்று நினைத்து, அறுத்துத் தைத்துக்கொண்டது. நகையை மட்டும் உருக்க மனம் வரவில்லை. தங்கத் தகட்டுக்குள் அரக்கு அடைத்துச் செய்தது. உருக்கிய திருடனுக்குக் கண்ணில் பட்ட அளவுக்குத் தங்கம் தேறியிருக்காது. காவல் நிலையத்தில் பாம்படத்துக்கு இந்தியில் என்ன என்று கேட்டார்கள். அவர் கையால் வரைந்து காட்டினார். எழுதியவர் கடைசியில் 'ஜும்கா' என்று எழுதிக்கொண்டார். ஜும்காவைத் தேடினால் பாம்படம் எப்படிக் கிடைக்கும்?

ஊரிலிருந்த தாயாருக்குத் தொலைபேசியில் சொல்லி அழுதார். தாயார் அழவில்லை. "தேவசகாயம் பிள்ளைக்கு மாடு செத்துது. உனக்குப் பாம்படம் போச்சு. அவ்வளவுதானே மக்களே" என்றார். மகளுக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டார்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஒப்பீட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அதிகாரிகளில் ஒருவர். பத்மநாபபுரம் நீலகண்ட சுவாமி கோயிலில் பொறுப்பு, அரண்மனையில் செல்வாக்கு, வீட்டில் நிலபுலன். திடீரென்று கால்நடைகள் செத்தன, பயிர் அழிந்தது. மனம் உடைந்து நின்றவருக்கு ஆறுதல் சொல்ல வாய்த்தவர் ஒரு கைதி. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய். சிறைப்பிடித்த மன்னருக்கே படை பழக்கி, உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டிருந்தவர். ஊர், உறவு, கொடி எல்லாவற்றையும் இழந்தவர் மாடுகளை இழந்தவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டால் வசதியாக இருக்கும். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்: மாடு போயிற்று, வேதம் கிடைத்தது, கணக்கு நேராகிவிட்டது.

மோதி பாக் அம்மாளுக்கு இந்தக் கணக்கில்தான் சந்தேகம் வந்தது. பிறப்பால் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார். ரேஷன் கடைக்குப் போவது போலத்தான். தாயார் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே, கல்யாணப் பரிசாக வந்து உறை பிரிக்காமல் கிடந்த பைபிளை எடுத்து யோபுவைப் படித்தார். நாற்பத்திரண்டு அதிகாரம். அதில் பாதிக்கு மேல் யோபு கடவுளோடும் நண்பர்களோடும் போடுகிற சண்டை. இப்படியெல்லாம் கடவுளைக் கேள்வி கேட்கலாம் என்று பங்குச் சாமியார் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. முடிவில் யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கிறது. ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆகிறது. மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரம் ஆகிறது. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாவதில்லை. முன்பும் பத்து, பின்பும் பத்து. செத்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

தேவசகாயத்துக்கோ ஒரு மாடுகூடத் திரும்பி வரவில்லை. சாதி பாராமல் எல்லோரோடும் உண்டு பழகினார் என்பது அவர் மேல் எழுந்த பகைக்கு முக்கியக் காரணம் என்று திருச்சபை சொல்கிறது. மதம் மாறியதற்காகத் தண்டிக்கப்படவில்லை, அரசுக்கு எதிரான குற்றத்துக்காகத்தான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. 1749 பிப்ரவரியில் கைதானார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராக அழைத்துப் போனார்களாம். மாடுகளை இழந்தவருக்கு விதி அனுப்பிய மாடு! ஏறத்தாழ மூன்று வருடச் சித்திரவதைக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் எறிந்தார்கள். எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கிவந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கினார்கள்.

அப்படியானால் அவருக்கு என்னதான் கிடைத்தது? இந்தக் கேள்வி அந்த அம்மாளைப் பல மாதம் விடவில்லை. பூசைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். அந்த டிசம்பர் 2-ம் தேதி நாகர்கோவிலில் தேவசகாயத்துக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். தாயார் போய்வந்து கூட்டத்தை வருணித்தார். மகள் கேட்டுக்கொண்டார். பாம்படத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பதில் தேடிப் போன இடத்தில் கிடைக்கவில்லை. அதற்கடுத்த கோடையில் ஆர்.கே.புரத்துத் தோழி ஒருவர், ஊரிலிருந்து சப்தர்ஜங் ஆஸ்பத்திரிக்கு வந்த உறவினருக்கு இந்தி பேச ஆளில்லை என்று கூப்பிட்டார். மோதி பாக்கிலிருந்து ரிங் ரோட்டில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் ஆஸ்பத்திரி. எதிரே எய்ம்ஸ். ஒரு நாள் உதவி என்றுதான் போனார். நோயாளி, "குடைச்சல் இல்லம்மா, உளைச்சல்" என்றார். இவருக்குத் தெரிந்த இந்தியில் இரண்டும் 'தர்த்'தான். டாக்டர் 'தர்த்' என்று கேட்டுக்கொண்டு மாத்திரை எழுதினார். பாம்படம் ஜும்காவானது போலத்தான் இதுவும் என்று வரிசையில் நிற்கும்போதே அவருக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு அலகாபாத் அம்மாளிடம் உட்கார்ந்து எரிச்சல், குத்தல், கடுப்பு, மரமரப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இந்திச் சொல் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு வாரத்தில் இரண்டு நாள். வெளிநோயாளிகள் வரிசையில் தமிழ்க் குரல் எங்கே கேட்கிறது என்று பார்த்து அங்கே போய் நிற்பார். யார் அனுப்பினார்கள் என்று சிலர் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். எவ்வளவு கேட்பாரோ என்று சிலர் தயங்குவார்கள். ஞாயிறு பூசைக்கு மறுபடி போகத் தொடங்கினார். இப்போது அங்கே தமக்காக ஒன்றும் கேட்பதில்லை என்கிறார்; வார நாட்களில் பார்த்த பெயர்களைச் சொல்லி முடிப்பதற்கே நேரம் போதவில்லை. 2022 மே 15 அன்று வாடிகனில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயரோடு 'பிள்ளை' இல்லை. சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். "அவருக்கு அதுவும் போச்சு" என்று தாயாரிடம் சொல்லிச் சிரித்தார். பத்து வருடத்துக்கு முன் போனை வைத்த அதே மகள்தான்.

காவல் நிலையத்திலிருந்து இன்றுவரை தகவல் இல்லை. ஒரு காலை, எய்ம்ஸ் வரிசையில் திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். காது இரண்டும் தோளைத் தொட்டன. வெறுங்காது. கேட்கக் கூடாது என்று நினைத்தும் இவர் கேட்டுவிட்டார்.

"பாம்படம் எங்கே பாட்டி?"

"அதை வித்துத்தான் தாயீ ரயிலு ஏறுனோம்" என்றார் மூதாட்டி. "டாக்டரு என்ன கேப்பாரு? நீயே சொல்லிருதியா?"

இவர் சீட்டை வாங்கி எண்ணைப் பார்த்தார். இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.