புஷ் ராடுக்குக் கொஞ்சம் இடம்

"ரிவர்ஸ் விழ மாட்டேங்குதுங்கண்ணா, கியர்பாக்ஸ் போயிருச்சுங்களா?" நாமக்கல்லில் என் பட்டறைக்கு வரும் குவாலிஸ்காரர்கள் பலரும் இந்தக் கேள்வியோடுதான் வண்டியை விட்டு இறங்குவார்கள். 2005-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, இன்னும் சளைக்காமல் ஓடுகிறது. நான் கியர்பாக்ஸ் பக்கமே போவதில்லை. கிளட்ச் பெடலுக்கு மேலே தலையை விட்டு, புஷ் ராடு நுழைகிற இடத்தில் ரப்பர் மூடியை விலக்கிப் பார்ப்பேன். விரலில் கருப்பாக, வழவழவென்று ஒட்டினால் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்தான். சொட்டு ஒழுகாமலும் அது போகும். உள்ளே முன் வாஷர் தேய்ந்துவிட்டால் ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் நழுவி ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடும். பெடலை மிதித்துப் பிடித்திருந்தால் கால் மெல்ல இறங்குவது தெரியும். கிளட்ச் முழுசாக விடாததால்தான் ரிவர்ஸ் விழுவதில்லை.

வாஷர் கிட் போட்டால் போதாதா என்பார்கள். போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், கண்ணாடி மாதிரி இருந்தால் போதும். ஆனால் இதில் ஊற்றுகிற பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். மாற்றாமல் வருஷக்கணக்கில் விட்டால் போரில் குழி விழும். புது வாஷர் அந்தக் குழியில் உரசியே வீணாகும். இருபது வருஷ வண்டிக்கு முழு சிலிண்டர்தான் என் கட்சி. போர் அளவைப் பார்த்து வாங்குங்கள். 5/8 இன்ச் இருந்த இடத்தில் 11/16 மாட்டினால் பிஸ்டன் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும், பெடலும் அவ்வளவு கனக்கும்.

கழற்றும்போது பைப் நட்டில்தான் பொறுமை வேண்டும். சாதா ஸ்பானர் வழுக்கி முனை மழுங்கினால் பைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். நட்டைச் சுற்றிப் பிடிக்கிற ஃபிளேர் ஸ்பானர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது, சிலிண்டர் லூசாக இருக்கையிலேயே பைப் நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றிவிடுவேன். பிறகுதான் மற்ற நட்டுகளை இறுக்குவது. ஆயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஏர் எடுப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே ஸ்லேவ் சிலிண்டரில் நிப்பிளைத் திறந்து மூட. பெடலை விடும் முன்பே நிப்பிள் மூடியிருக்க வேண்டும், டப்பா காலியாகக் கூடாது.

ஏர் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், மிதித்ததும் பிடிக்கட்டும் என்று புஷ் ராடைப் பிஸ்டனோடு ஒட்ட வைத்து ஒரு வண்டியை அனுப்பினேன். ஊருக்குள் நன்றாகத்தான் ஓடியது. வண்டிக்காரர் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறினார். 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, போன் வந்தது: "எஞ்சின் அலறுதுங்க, வண்டி ஏறலீங்க. கருகுற வாசம் வேற."

பெடலை விட்டதும் பிஸ்டன் கடைசிவரை பின்னால் வந்தால்தான் டப்பாவுக்குப் போகிற சின்னத் துளை திறக்கும். ஒட்ட வைத்த ராடு பிஸ்டனை வர விடவில்லை. சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லை. அது ஸ்லேவைத் தள்ளியது. யாரோ எந்நேரமும் கிளட்சில் அரைக்கால் வைத்த மாதிரி. பிளேட் கருகிவிட்டது. என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். குழந்தைகளை வெயிலில் ரோட்டோரம் உட்கார வைத்ததற்கு என்ன கொடுப்பது?

மாஸ்டர் மாற்றி வண்டியை எடுக்கும்போது, எஞ்சினைப் போடும் முன் குனிந்து பெடலை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். கனம் தட்டும் முன் சில மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆடவில்லையா, சாவியை மெக்கானிக் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.