கல்லும் கழுத்தணியும்

கனடாவின் தேசிய மகளிர் கர்லிங் போட்டிக்கு இன்றைய பெயர் ‘ஸ்காட்டீஸ் டோர்னமெண்ட் ஆஃப் ஹார்ட்ஸ்’. ஸ்காட்டீஸ் என்பது டிஷ்யூ காகிதம் ஒன்றின் வணிகப் பெயர். குளிர்காலத்தில் ஆண்டுக்கு ஓர் ஊராக இடம் மாறி நடக்கும் இந்தப் போட்டியில் வெல்லும் அணி, உலக மகளிர் போட்டியில் கனடாவுக்காக ஆடும்.

ஆட்டம் எளிமையாகத்தான் தோன்றும். சுமார் 20 கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனித்தளத்தில் வழுக்கவிட்டு, மறுகோடியில் வரைந்த வட்டத்தின் நடுவே நிறுத்த வேண்டும். அணிக்கு நால்வர், ஒருவருக்கு இரண்டு கற்கள் வீதம் ஒரு சுற்றில் எட்டுக் கற்கள், மொத்தம் பத்துச் சுற்றுகள். கல் நகரும்போது முன்னால் இருவர் ஓடி ஓடிப் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்த இடம் சற்றே சூடேறுவதால் கல் கூடுதல் தூரம் போகும், வளைவது குறையும். தலைவி பெரும்பாலும் தேய்ப்பதில்லை. எதிர்முனையில் நின்று பனியின் போக்கைக் கணித்து, ஒவ்வொரு கல்லும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதும், வழக்கமாகக் கடைசி இரண்டு கற்களை விடுவதும் அவர் வேலை. மூச்சிரைக்க ஓடும் வலுவைவிடக் கணிப்பும் கைப்பழக்கமுமே அங்கே பேசும். ஒரே பெயர்கள் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் வெற்றிப் பட்டியலில் தலைகாட்டுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆண்களின் தேசியப் போட்டியான பிரையர் 1927இலேயே டொராண்டோவில் தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு 34 ஆண்டுகள் தாமதமாக, 1961இல் ஒட்டாவாவில் கிடைத்தது. பணம் தந்தது டொமினியன் என்ற மளிகை அங்காடி நிறுவனம். 1972 முதல் 1979 வரை மக்டொனால்ட் புகையிலை நிறுவனம் ஆதரித்தது. 1982இல் ஸ்காட் காகித நிறுவனம் வந்தபோதுதான் ‘ஹார்ட்ஸ்’ என்ற பெயரும் வந்தது. மளிகை, புகையிலை, டிஷ்யூ என்ற வரிசையைப் பார்த்தால், பெண்களின் விளையாட்டுக்கு யார் காசு கொடுக்க முன்வந்தார்கள் என்ற தனி வரலாறே எழுதலாம். ஆனால் போட்டியின் இன்றைய முகத்தில் ஆட்டக்காரர்களின் கையும் உண்டு. 1976, 1979 ஆண்டுகளில் வென்ற பிரிட்டிஷ் கொலம்பியா அணியில் ஆடிய ராபின் வில்சன், பின்னர் நெடுங்காலம் இதன் ஒருங்கிணைப்பாளராக இருந்தார்.

பங்கேற்பவர்களுக்கு நான்கு இதயங்கள் கோத்த வடிவில் தங்கக் கழுத்தணி தருவது வழக்கம். மறுபடி தகுதி பெற்று வந்தால் வைரம் சேரும். 1985 முதல் இன்னொரு ஏற்பாடும் உண்டு: முந்தைய ஆண்டு வென்ற அணி ‘டீம் கனடா’ என்ற பெயரில் நேரடியாக இடம்பெறும். மற்ற அணிகளில் பெரும்பாலானவை மாகாணப் போட்டியில் தேறியாக வேண்டும். ஜனத்தொகை மிகுந்த ஒண்டாரியோவும் சின்னஞ்சிறு பிரின்ஸ் எட்வர்ட் தீவும் தத்தம் அணியை அனுப்பும் இந்த முறை ஆட்டத் தரத்தைக் குறைக்கிறது என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் அந்த முறையை எடுத்துவிட்டால் இது இன்னொரு பரிசுப்பணப் போட்டியாகிவிடும்.

1961இல் சஸ்காட்செவன் அணித் தலைவியாக முதல் பட்டத்தை வென்றவர் ஜாய்ஸ் மெக்கீ. 1969இலும் தலைமையேற்று வென்றார். அந்த அணியில் ஆடிய வேரா பெசர் பிறகு தலைவியானார். 1971 முதல் 1973 வரை மூன்று பட்டங்கள். மெக்கீ ஒதுங்கவில்லை, பெசரின் கீழ் ஆடினார். நோவா ஸ்கோஷியாவின் கொலீன் ஜோன்ஸ் 1982இல் வென்றபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அடுத்த பட்டம் 1999இல். பிறகு 2001 முதல் 2004 வரை தொடர்ந்து நான்கு. இடையில் அவருக்குத் தொலைக்காட்சிச் செய்தியாளர் வேலையும் குடும்பமும் இருந்தன. சஸ்காட்செவனின் சாண்ட்ரா ஷ்மர்லர் 1993, 1994, 1997 ஆண்டுகளில் இங்கும் உலக அரங்கிலும் வென்றார். 1997 இலையுதிர் காலத்தில் கைக்குழந்தையோடு ஒலிம்பிக் தேர்வுப் போட்டியை வென்று, 1998 நகானோவில் தங்கமும் பெற்றார். 2000 மார்ச்சில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது, வயது 36.

தனி ஆட்டங்களில் 2005 இறுதிப்போட்டிக்கு நிகராகப் பேசப்படுவது வேறில்லை. செயின்ட் ஜான்ஸ் நகரில் மனிடோபாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ், ஒண்டாரியோவின் ஜென் ஹானாவிடம் 4–6 எனப் பின்தங்கியிருந்தார். கையில் இருந்தது ஆட்டத்தின் கடைசிக் கல். வட்டத்தின் மையத்தில் ஹானாவின் கல் பாதி மறைந்து கிடந்தது. ஜோன்ஸ் அதை நேராகக் குறிவைக்கவே இல்லை. கேரம் பலகையில் ஓரக் காயில் பட்டுத் தெறிக்கும் ஸ்ட்ரைக்கர்போல, வட்டத்துக்கு வெளியே நின்ற கல்லில் மோதிய அவரது கல் உள்ளே திரும்பி மையக் கல்லை அப்புறப்படுத்தியது. நான்கு புள்ளிகள், 8–6. அது ஜோன்ஸின் ஆறு பட்டங்களில் முதலாவது.

2021இல் கொரோனா காரணமாகப் பார்வையாளர்களே இல்லாமல் கால்கரியில் போட்டி நடந்தது. ஒண்டாரியோவின் ரேச்சல் ஹோமன் எட்டு மாதக் கர்ப்பிணியாக இறுதிவரை வந்து, கெரி ஐனர்சனிடம் 7–9 எனத் தோற்றார். ஐனர்சன் 2020 முதல் 2023 வரை நான்கு ஆண்டுகள் வென்று கொலீன் ஜோன்ஸின் தொடர் சாதனையைச் சமன் செய்தார். ஏற்கெனவே மூன்று முறை வென்றிருந்த ஹோமன், 2024இல் அதே கால்கரியிலும் 2025இல் தண்டர் பேயிலும் பட்டம் பெற்றார். அவ்விரு ஆண்டுகளிலும் உலகப் பட்டமும் அவருடைய அணிக்கே.